குளிர்ந்த நீரில் காபி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோடைக்கு இதமாக இருக்கும் என்று, வீட்டிலிருந்த ஃபில்டர் காபித் தூளையே குளிர்ந்த நீரில் கலந்து இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து கோல்டு ப்ரூ செய்து பார்த்தேன். காலையில் வடிகட்டினால் கலங்கலாகவும் ஒரே கசப்பாகவும் இருந்தது. எங்கே தவறு செய்தேன்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தவறு தூளில்தான். ஃபில்டருக்கான தூள், கொதிநீர் இறங்கும் சிறிது நேரத்துக்குள் சாரத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காக நைசாக அரைக்கப்படுவது. அதையே மணிக்கணக்கில் ஊறவிட்டால் துகள்கள் வடிகட்டியைத் தாண்டி வந்து, டம்ளரிலும் ஊறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கண்ட கலங்கலுக்கும் கசப்புக்கும் அதுவே பெரும் காரணம்.

அடுத்தது சிக்கரி. காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவு விதி. அதாவது, ஏறக்குறைய பாதி சிக்கரியாகவே இருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் உங்கள் தூளைச் சிறிது தூவிப் பாருங்கள்: காபி மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறக் கோடு இழுத்தபடி அடியில் இறங்கும். பச்சைத் தண்ணீரிலேயே இவ்வளவு விரைவாகக் கரைவது இரவெல்லாம் ஊறினால் காபியின் மணத்தை மூடிவிடாமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சிக்கரி சேர்த்தே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பால் கலந்து குடிக்கும் வழக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் முதல் முறை சிக்கரி இல்லாமல் செய்து பார்ப்பதே நல்லது.

காபிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடையில், சிக்கரி இல்லாமல் கோதுமை ரவைப் பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைப்பதானால் விட்டுவிட்டுச் சுற்றி, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் நைசுத் தூளை ஃபில்டருக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் தூளுக்கு 800 மில்லி தண்ணீர் போதும். இந்த முறையில் சூடு என்பதே இல்லாததால், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையும் நன்றாகக் கழுவி உலர்த்திய கண்ணாடிச் சாடியையுமே பயன்படுத்துங்கள். தூள் முழுவதும் நனையும்படி ஒருமுறை கிளறி, மூடி, ஃப்ரிட்ஜில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள். நம் ஊர் வெயிலில் சாடியை வெளியே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் சல்லடையிலும் பிறகு பருத்தித் துணியிலும் வடிகட்டுங்கள். துணியைப் பிழியும் ஆசை வரும். பிழிந்தால் வண்டலும் சேர்ந்து வந்துவிடும். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிதான். நான்கைந்து நாட்களுக்குள் குடித்துவிடுங்கள்.

கேள்வி: இதில் காஃபின் குறைவு என்கிறார்களே, இரவிலும் குடிக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: புளிப்பும் கசப்பும் குறைவாக இருப்பதால் எழும் எண்ணம் அது. மேலே சொன்ன கணக்கில் 150 மில்லி டம்ளர் ஒன்றுக்கு 25 கிராம் தூள் செலவாகிறது. ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு அதில் பாதிகூட நாம் போடுவதில்லை. அதிலும் ரொபஸ்டா கொட்டையாக இருந்தால், அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் இருக்கும். மாலை நான்கு மணிக்குள், அதுவும் சம அளவு தண்ணீரோ பாலோ கலந்து குடியுங்கள்.