ஓட 2 மில்லி செகண்ட், திட்டம் போட 38: போஸ்ட்கிரெஸில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 16-ஆம் பதிப்பில் எங்கள் ஆர்டர் டேபிள் நாளுக்கு ஒன்றாக 730 பார்ட்டிஷன் (தனித்தனித் துண்டு) கொண்டது. கடைசி இரண்டு நாள் ஆர்டர்களை எடுக்கும் குவெரிக்கு, திட்டத்தையும் நேரத்தையும் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையைப் போட்டால் பிளானிங் டைம் (திட்டம் போடும் நேரம்) 38 மில்லி செகண்ட், எக்ஸிகியூஷன் டைம் 2 மில்லி செகண்ட். அப்ளிகேஷன் லாகிலோ 65 என்று இருக்கிறது. எது சரி? எங்கே கை வைப்பது?

பதில்: மூன்றும் சரிதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நின்று அளக்கிறது, அவ்வளவே.

எக்ஸிகியூஷன் டைம் என்பது சர்வருக்குள் குவெரி ஓடிய நேரம் மட்டும். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் குவெரியை நிஜமாகவே ஓட்டும், ஆனால் கிடைத்த வரிகளை அனுப்பாமல் கீழே போட்டுவிடும். வரிகளை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுவது, நெட்வொர்க், கனெக்‌ஷனுக்காகக் காத்திருப்பது எதுவும் அதில் சேராது. உங்கள் 65-இல் 40 போக மிச்சம் 25 அங்கேதான் இருக்கிறது. அப்ளிகேஷன் ஓடும் அதே மெஷினிலிருந்து, போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்-இல் டைமிங்கை ஆன் செய்து, எக்ஸ்பிளெய்ன் இல்லாமல் குவெரியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் நெட்வொர்க்கையோ வரிகளின் அளவையோ பாருங்கள். 42-க்குள் வந்தால் டிரைவரையும் கனெக்‌ஷன் பூலையும் (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) பாருங்கள். பதிப்பு 17-இல் இந்த வடிவ மாற்ற நேரத்தையும் சேர்த்து அளக்க சீரியலைஸ் என்ற ஆப்ஷன் வந்துவிட்டது. 16-இல் அது கிடையாது.

ஆனால் உங்கள் முக்கியப் பிரச்சினை அந்த 38. முதலில் புதிதாக ஒரு செஷன் திறந்து, எத்தனை டேட்டா பக்கங்கள் தொடப்பட்டன என்று காட்டும் பஃபர்ஸ் ஆப்ஷனும் சேர்த்து, அதே கட்டளையை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி கேட்டலாக் கேஷ் உண்டு. புதிய கனெக்‌ஷனில் முதல் குவெரி வரும்போது டேபிள், இண்டெக்ஸ் விவரங்களையெல்லாம் சிஸ்டம் கேட்டலாகிலிருந்து எடுத்து அதில் நிரப்ப வேண்டும். பிளானிங் என்ற தலைப்பின் கீழ் வரும் பஃபர்ஸ் எண் முதல் முறை ஆயிரக்கணக்கில் இருந்து, இரண்டாம் முறை சடாரென்று இறங்கி, நேரமும் கூடவே குறைந்தால், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது கனெக்‌ஷன் திறப்பதுதான் குற்றவாளி. பூலர் வைத்தாலே தீர்ந்துவிடும்.

மூன்றாம் முறையும் 38-இலேயே நின்றால் பிளானில் ‘சப்பிளான்ஸ் ரிமூவ்டு’ (கழிக்கப்பட்ட துணைத் திட்டங்கள்) என்ற வரியைத் தேடுங்கள். அதில் 727 என்று (கடைசி 48 மணி நேரம் மூன்று நாள் பார்ட்டிஷனைத் தொடும், மற்றவை கழியும்) இருந்தால் விஷயம் அங்கேயே அம்பலம். நிபந்தனையில் தற்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ ஃபங்ஷனை எழுதியிருப்பீர்கள். அதன் மதிப்பைத் திட்டம் போடும் கட்டத்தில் வைத்து பார்ட்டிஷனைக் கழிக்க பிளானருக்கு உரிமை இல்லை. அதனால் 730-க்கும் திட்டம் போடுகிறது. ஓட ஆரம்பிக்கும்போது தேவையில்லாத 727-ஐக் கழற்றிவிடுகிறது. எக்ஸிகியூஷன் டைம் அழகாக 2 என்று காட்டுவதும் இதனால்தான்.

தீர்வு எளிது. தேதியை அப்ளிகேஷனிலேயே கணக்கிட்டு, மதிப்பாக அனுப்புங்கள். ஒரே எச்சரிக்கை: தேதி உள்ள நெடுவரிசை டைம்சோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப் என்றால், மதிப்பும் அதே டைப்பாக இருக்கட்டும். டேட் என்று டைப் மாற்றி அனுப்பினால் ஒப்பீடு டைம்சோனைச் சார்ந்துவிடும், பழைய கதையே திரும்பும். அந்த நெடுவரிசையையே ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிடுவது இன்னும் மோசம். அப்போது ஓடும் நேரத்தில்கூட எதுவும் கழியாது.

ஒருமுறை தயாரித்து மதிப்பை மட்டும் மாற்றி ஓட்டும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில், ஆறாவது முறையிலிருந்து எந்த மதிப்புக்கும் பொதுவான ஜெனரிக் பிளான் வந்து காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். எல்லா பார்ட்டிஷனின் செலவும் அதன் மதிப்பீட்டில் ஏறுவதால், மதிப்புக்கேற்பப் போடும் திட்டத்தோடு ஒப்பிடும்போது அது பெரும்பாலும் தோற்றுவிடும். நாளுக்கு ஒரு பார்ட்டிஷன் உண்மையிலேயே தேவையா என்றும் யோசியுங்கள். மாதத்துக்கு ஒன்று என்றால் 730 வெறும் 24 ஆகிவிடும்.

எக்ஸிகியூஷன் பகுதியைப் படிக்கும்போது பலர் சறுக்குவது லூப்ஸில் (எத்தனை முறை ஓடியது). ஒரு நோடில் (திட்டத்தின் ஒரு படி) 0.02 மில்லி செகண்ட், லூப்ஸ் 5000 என்றால் அங்கே போனது 100 மில்லி செகண்ட். காட்டப்படுவது ஒரு சுற்றின் சராசரி. லூப்ஸ் இவ்வளவு இருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பதே செலவு. டைமிங் ஆப்ஷனை ஆஃப் செய்து மறுபடி ஓட்டினால் மொத்த நேரம் கணிசமாகக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அந்த வித்தியாசம் அளவீட்டின் சுமை, குவெரியின் தவறல்ல. அப்டேட், டெலீட்டை அளப்பதென்றால் பிகின் போட்டு, கடைசியில் ரோல்பேக் செய்ய மறக்கவே வேண்டாம்.

புரொடக்‌ஷனில் தொடர்ந்து கவனிக்க, குவெரிகளின் புள்ளிவிவரத்தைச் சேர்த்துவைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் போதும். ஆனால் அதில் ட்ராக் பிளானிங் என்ற அமைப்பு இயல்பாக ஆஃப். ஆன் செய்யாவிட்டால் பிளான் நேரம் எல்லாம் பூஜ்யமாகவே காட்டும், பார்ப்பவர் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஒரே மாதிரி குவெரிகள் ஒரே நேரத்தில் நிறைய கனெக்‌ஷனிலிருந்து வரும் சர்வரில் அதை ஆன் செய்வது சுமையைக் கூட்டும். ஆகவே மாற்றத்துக்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒரு மணி நேரம் ஆன் செய்து, சராசரி பிளான் நேரத்தை ஒப்பிட்டுவிட்டு ஆஃப் செய்துவிடுங்கள்.