ஒரே வெப்சைட்டை நான்காவது தடவை மாற்றுகிறாள்... கேம்பஸில் எதைக் காட்டுவாள்?

வணக்கம் ஐயா. டிசைன் மூன்றாம் வருடம் படிக்கும் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூடப் படிக்கும் பையனிடம் ஆறு வெப்சைட் இருக்கிறது, இவளோ ஒரு கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தையே நான்காவது தடவையாக மாற்றிக்கொண்டிருக்கிறாள், கேம்பஸ் இன்டர்வியூவில் எதைக் காட்டுவாள் என்பது உங்கள் கவலை.

அந்த நான்கையும்தான் காட்டுவாள்.

நீங்கள் அனுப்பிய நான்கு வடிவங்களையும், கூடவே இருந்த அவளுடைய குறிப்புகளையும் பார்த்தேன். கண்ணுக்கு அழகு முதல் வடிவம்தான். ஆனால் பிறந்த தேதிக்கு அதில் ஒரு காலண்டர் வைத்திருந்தாள். கிளினிக்குக்கு வந்த பெரியவர் ஒருவர் 1958-க்குப் போக மாதம் மாதமாக அம்புக்குறியை அழுத்தி, அலுத்துப்போய் போனை மகனிடம் நீட்டிவிட்டாராம். இரண்டாவது வடிவத்தில் காலண்டர் போய்விட்டது. நாள், மாதம், வருடம் எனத் தட்டச்சு செய்ய மூன்று கட்டங்கள் வந்துவிட்டன. பிரிட்டன் அரசு தன் இணையதளங்களுக்காக வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டியும் பிறந்த தேதிக்கு இதையேதான் பரிந்துரைக்கிறது. பெரிய குழுக்கள் எட்டிய முடிவை உங்கள் மகள் ஒரு பெரியவரின் விரலைப் பார்த்தே எட்டியிருக்கிறாள்!

மூன்றாவதில் வெளிர் சாம்பல் எழுத்தைக் கருப்பாக்கியிருக்கிறாள். வாசலில் வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு எழுத்தே தெரியவில்லையாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் வேண்டும் என்று, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) நெறிமுறை சொல்கிறது. இனி அந்த எண்ணை அவள் மறக்கமாட்டாள்.

நான்காவதில்தான் எனக்கு மனக்குறை. தலைப்பின் ஃபான்ட்டும் நிறமும் மட்டும் மாறியிருக்கின்றன. யாரிடமும் கொடுத்துப் பார்த்ததாகக் குறிப்பில்லை. யாரும் தடுமாறாத இடத்தைத் திருத்திக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு. அங்கே உங்கள் கவலை நியாயமானதே. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்க்காமல் ஐந்தாவது வடிவத்தைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். ஐந்து என்பது நான் இட்டுக்கட்டிய எண் அல்ல. 15 பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று மூன்று சுற்று போவதே லாபம் என்று இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

அந்த ஆறு வெப்சைட் பையனைக் குறைசொல்ல மாட்டேன், அவற்றை நான் பார்க்கவில்லை. ஆனால் பளிச்சென்று ஒரு முதல் பக்கத்தை இன்று ஏஐ கருவி சில நிமிடத்தில் போட்டுத் தந்துவிடும். அதனால் இன்டர்வியூவில் "இதை ஏன் இங்கே வைத்தாய், முதலில் எப்படி இருந்தது, யார் சொல்லி மாற்றினாய்?" என்றுதான் துருவுவார்கள். பழைய வடிவங்களை அழித்துவிட்டால் பதில் சொல்ல ஆதாரம் இருக்காது. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் ஒவ்வொன்றையும் தேதி போட்டுத் தனியாக வைக்கட்டும். இன்டர்வியூவில் காட்டும் போர்ட்ஃபோலியோ என்ற தொகுப்புக்கு இப்படி இரண்டு மூன்று புராஜெக்ட் போதும். குழுவாகச் செய்ததென்றால், தன் பங்கு எது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும்.

அந்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் போனில் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். அவள் பக்கத்தில் உட்காரலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. எங்கே குழம்புகிறீர்களோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மகளாயிற்றே என்று பாராட்டிவிடாதீர்கள், அது அவளுக்கு உதவாது.

மேற்படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். டிசைனில் முதுகலைப் படிப்பான எம்.டெஸ். படிக்க, ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. கடைசி வருட மாணவர்களும் எழுதலாம். வழக்கமாக ஜனவரியில் தேர்வு. அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும். கை ஓவியத்துக்கும் அதில் மதிப்பெண் உண்டு என்பதால், இப்போதிருந்தே தினமும் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடிவிட்டுப் பென்சிலை எடுக்கட்டும்.