செங்கோர் விடுதலைக்கு எதிரியா?

செனகலின் கவிஞரும் அரசியல் தலைவருமான செங்கோர் பிரான்ஸுடன் கூட்டாட்சி கேட்டவர் என்பதால், அவரை விடுதலைக்கு எதிரி என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தப்பாகிவிடும். அவருடைய பயமே வேறு. பிரான்ஸின் 1956 சட்டம் அதிகாரத்தை, டக்காரைத் தலைமையிடமாகக் கொண்டு பிரெஞ்சுக் காலனிகளைச் சேர்த்து வைத்திருந்த மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக்குத் தராமல், தனித்தனிப் பிரதேசங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இப்படித் துண்டானால், கொடி மாறினாலும் ஒவ்வொன்றும் பாரிஸிடம் கையேந்தியே நிற்கும் என்பது அவர் கணக்கு. வசதியான ஐவரி கோஸ்ட்டின் தலைவர் ஊஃபுவே புவாஞிக்கோ தன் பிரதேசத்தின் வருமானத்தை மற்றவற்றோடு பங்கிட மனமில்லை. அப்புறம் 1959-இல் செனகலும் இன்றைய மாலியும் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, 1960 ஜூனில் விடுதலை பெற்று ஆகஸ்ட்டிலேயே உடைந்தது. அந்த உடைவில் செங்கோருக்கும் பங்குண்டு. கட்டுரையில் அதை மட்டும் மழுப்பாதீர்கள்.