தேர்வில் சொல்வதை எழுதுபவரை எப்போது கேட்பது?

தேவகோட்டைச் சகோதரிக்கு வணக்கம். கை நடுக்கமுள்ள மகன் சிறப்புப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு; பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரை எப்போது கேட்பது என்றீர்கள். நுழைவுச்சீட்டு வரட்டும் என்றிருந்தால் காரியம் கெட்டது. இப்போதே தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். மருத்துவச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் வேண்டும். கூடுதல் ஒரு மணி நேரம், தரைத்தள அறை இரண்டையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரின் முன்னெழுத்தில் (இனிஷியல்) தான்: ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் வேறு. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

சலுகை கிடைத்தாலும் சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். சின்னப் பள்ளியில் பிள்ளை பாதி சொன்னாலே ஆசிரியருக்குப் புரியும். புது ஆளுக்குப் புரியாது. வாரம் ஒருநாள் பக்கத்து வீட்டாரை உட்காரவைத்து, கணக்கை வரிவரியாகச் சொல்லப் பழக்குங்கள். 'மூன்று எக்ஸ் வர்க்கம்' என்றால் வர்க்கம் எக்ஸுக்கு மட்டுமா, மூன்றுக்கும் சேர்த்தா? அடைப்புக்குறியையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.