பழையதைக் கழற்றுமுன் ஒரு வரைபு

கேள்வி: மென்படலம் படியவைக்கும் வெற்றிட அறையில் இருந்த எண்ணெய்ப் பரவல் பம்பை எடுத்துவிட்டு, அதிவேகமாய்ச் சுற்றும் தகடுகளால் காற்றை வெளியே தள்ளும் டர்போ பம்ப் பூட்டினோம். முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் முன்பு கிடைத்த 10⁻⁶ மில்லிபார் வரவில்லை. 10⁻⁴ இலேயே நிற்கிறது. பம்பைத் திருப்பி அனுப்பலாமா?
— ஆய்வு மாணவி, வந்தாறுமூலை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அறைக்கும் பம்புக்கும் இடையிலுள்ள வால்வை மூடிவிட்டு, 10 நிமிடத்துக்கு அமுக்கத்தை அரை நிமிடத்துக்கொரு தரம் குறித்து வரைபு போடுங்கள். 10⁻³ ஐத் தாண்டுமுன், மிகக் குறைந்த அமுக்கத்தை அளக்கும் அயன் மானியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இழை எரிந்துபோகும். வரைபு நேர்கோடாக ஏறினால் வெளிக்காற்று எங்கோ நுழைகிறது. விரைவாக ஏறிப் பிறகு வளைந்து தணிந்தால் உட்சுவர் நீராவியை விடுகிறது.

வாவிக்கரைக் காற்றில், அதுவும் மாரி காலத்தில், அறையை நாட்கணக்கில் திறந்து வைத்திருந்தால் முதலில் நீராவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய பம்பின் எண்ணெய்ப் படலமும் சுவரில் இருக்கும். அசற்றோனாலும் பிறகு ஐசோபுரப்பைல் அற்ககோலாலும் துடையுங்கள். கையுறை கட்டாயம். பிறகு வெப்பநாடா சுற்றி 100–120 பாகை செல்சியசில் ஓர் இரவு சுடவையுங்கள். இணைப்புகளை அடைக்கும் வளையம் விற்றோன் என்றால் இதைத் தாங்கும், நைத்திரைல் இறப்பர் என்றால் தாங்காது. எது போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அடுத்த முறை அறையைத் திறக்கும்போது உலர்ந்த நைதரசனை நிரப்பித் திறவுங்கள்.

கசிவு என்றால் புதிதாகப் பூட்டிய இணைப்புகளில் தொடங்குங்கள். வளையம் இருக்கும் தவாளிப்பில் ஒரு தலைமயிர் கிடந்தாலே போதும், காற்று நுழையும். பழைய வளையத்தைக் கிளப்பத் திருப்புளி போட்டிருந்தால் அங்கே கீறல் இருக்கும். உலோக அடைப்பு என்றால் செப்பு வளையம் ஒரே தடவைக்குத்தான். ஆணிகளை எதிரெதிராக, பல சுற்றில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உள்ளே அடிமூடிய துளையில் ஆணி முறுக்கியிருந்தால் அதன் அடியில் சிக்கிய காற்று மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கும். வெளியில் ஈலியம் தெளித்து, அது உள்ளே வருகிறதா என்று எவ்வளவு தேடினாலும் அந்தக் கசிவு அகப்படாது. நடுவில் துளையிட்ட ஆணியை மாற்றிப் போடுங்கள்.

இதே வரைபு பழைய பம்பைக் கழற்றுமுன் போடப்பட்டிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். ஏறும் வேகம் அன்றைப் போலவே என்றால் அறையில் குற்றமில்லை, பம்பையும் அதன் பின்னாலுள்ள சுழல் பம்பையும் பாருங்கள். கூடியிருந்தால் மாற்றத்தின்போது தொட்ட இடத்திலேதான் கோளாறு. எந்த உபகரணத்தை மாற்றுவதானாலும் இந்த ஒரு பதிவை எடுக்காமல் திருப்புளியைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இன்னொன்று: மின்சாரம் போனால் சுழல் பம்பின் எண்ணெய் குழாய் வழியே மேலேறும். மின்சாரம் நின்றதும் தானாக மூடும் வால்வை இடையில் போடுங்கள்.

கேள்வி: உலகப் பெரிய ஆய்வுகூடங்களில் இப்படி இணைப்புக் கோளாறு வராதுதானே?
— உயர்தர மாணவன், கல்முனை

பதில்: வரும், தம்பி. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் நிலையமான சேர்ன் ஆய்வுகூடம் 2000 நவம்பரில், துகள்களை மோதவிடும் பழைய லெப் மோதுவியை நிறுத்தி, அதே 27 கிலோமீற்றர் சுரங்கத்தில் எல்.எச்.சி. என்ற புதிய மோதுவியைப் பொருத்தியது. 2008 செப்டெம்பர் 10 இல் முதல் துகள் கற்றை சுற்றியது. 19 ஆம் திகதி மின்னோட்டத்தைக் கூட்டிச் சோதித்தபோது இரு காந்தங்களுக்கிடையிலான ஓர் இணைப்பு உருகியது. அதன் தடை சுமார் 200 நனோ ஓம் என்று பின்னர் கணித்தார்கள். 8,700 அம்பியருக்கு I²R போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 15 வாட் வரும். மின்தடையே இல்லாத மீகடத்தி வேலை செய்யும் 1.9 கெல்வினில் அது பெரும் வெப்பம். காந்தங்களைக் குளிர்விக்கும் ஈலியம் சுமார் 6 தொன் வெளியேறியது. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். கற்றை மறுபடி ஓடியது 2009 நவம்பரில். 2013 இல் தொடங்கிய நீண்ட நிறுத்தத்தில் 10,000 இற்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பலப்படுத்திய பிறகே மோதல் சக்தியை 8 இலிருந்து 13 ரெரா இலத்திரன்வோல்ற்றுக்கு உயர்த்தினார்கள்.

கேள்வி: பழைய கதோட்டுக் கதிர் அலைவுகாட்டிக்குப் பதிலாக டிஜிற்றல் ஒன்று கிடைத்தது. சதுர அலையின் மூலைகள் வளைந்து தெரிகின்றன. பழுதா?
— ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: பழுதில்லை. ஒவ்வோர் அலைவுகாட்டியின் உள்ளீட்டுக் கொள்ளளவமும் வேறு. பழையதற்குச் சரிசெய்த 10 மடங்கு புரோப் (சைகையைப் பத்திலொன்றாகக் குறைத்துக் கொடுக்கும் அளவிடு கம்பி) புதியதற்குப் பொருந்தாது. முன்பக்கத்திலுள்ள 1 கிலோஹேர்ட்ஸ் சதுர அலையில் புரோப்பைக் கொளுவி, அதன் சிறு ஆணியை பிளாஸ்ரிக் திருப்புளியால் மூலை நேராகும்வரை திருப்புங்கள். மெனுவிலும் 10 மடங்கு என்று தெரிவுசெய்யாவிட்டால் வோல்ற்றளவு பத்திலொன்றாகவே காட்டும். நேர அளவிடையை மாற்றும்போது காட்டும் மீடிறனும் மாறினால் மாதிரியெடுக்கும் வேகம் போதவில்லை. அளவிடையைக் குறைத்து மறுபடி அளவுங்கள்.