கைக்கு எட்டுகிற பை

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆறு மாதங்களுக்கு முன்பு பழைய ஹிமாலயன் 411 பைக் ஒன்றை வாங்கினேன். ஆடி மாதத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தாராபுரத்திலிருந்து சத்தியமங்கலம், திம்பம், மைசூரு வழியாகக் குடகு வரை சென்று வரலாம் என்றிருக்கிறேன். இதுதான் என் முதல் நெடும்பயணம். அதற்கு, பெட்ரோல் டேங்க் மேல் பொருத்துகிற பை, அதாவது டேங்க் பேக் ஒன்று வாங்க வேண்டும். காந்தம் வைத்தது நல்லதா, வார் போட்டுக் கட்டுவது நல்லதா, பெட்ரோல் மூடியைச் சுற்றிப் பொருத்தும் வளையப் பூட்டு நல்லதா? 22 லிட்டர் பை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு வாரத் துணிமணி அதிலேயே அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. டேங்க் மேல் எடை கூடினால் வண்டியின் சமநிலை கெட்டுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எந்த நிறுவனத்தின் பையை வாங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வண்டி, டயர், சாலை என்று வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் இரண்டு வரியில் தனி மடல் போட்டு முடித்துக்கொள்வேன். உங்கள் கடிதத்தை அப்படி முடிக்க இயலாமல் போனதற்குக் காரணம், அது வந்த நாளில் என் மேசை மேல் கிடந்த ஒரு ரெக்சின் உறை. சிவகிரியில் என் மாமன் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள். பரணைக் காலி செய்தபோது கிடைத்தது என்று சொல்லி, அத்தை அதை ஒரு மஞ்சப்பையில் சுற்றி எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். மாமனுடைய புல்லட்டின் டேங்க் உறை அது. மாமன் மறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி அதற்கும் முன்பே கைமாறிவிட்டது. உறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விகளில் பதருகளைத் தூற்றிவிடுவோம்.

எடையைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியின் டேங்க் 15 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. நிறைந்த டேங்குக்கும் வறண்ட டேங்குக்கும் 11 கிலோ வித்தியாசம் வருகிறது. நிரப்பிக்கொண்டு கிளம்பிப் பெட்ரோல் விளக்கு எரியும் வரைக்கும் ஓட்டுகிற நீங்கள், அத்தனை கிலோ வழியெல்லாம் கரைந்துகொண்டே வருவதை ஒருநாளும் உணர்ந்திருக்க மாட்டீர்கள். அதே இடத்தில் மூன்று கிலோ பை ஒன்று உட்கார்ந்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று சொல்கிற நண்பர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அந்த எடை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் அமர்வதால், பின் கேரியரின் கடைசியில் கட்டுகிற அதே மூன்று கிலோவைவிடக் குறைவாகவே தொல்லை தரும். எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தையல் இரட்டையாகவும், அடிப்பக்கம் வழுக்காத மெத்தென்ற துணியாகவும், கையுறை போட்ட விரலால் திறக்கக்கூடிய ஜிப்பாகவும் இருந்தால் எதுவும் ஆகும். ஈரோட்டில் சீட் கவர் தைக்கும் கடையில் அளவு கொடுத்தாலே பாதி விலைக்குத் தைத்துத் தருவார்கள்.

காந்தமா வாரா என்பதற்கு வருகிறேன். காந்தம் இரும்பு டேங்கில்தான் ஒட்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் டேங்க் என்று நாம் தட்டிப் பெருமைப்படுவது மேலே போர்த்திய பிளாஸ்டிக் மூடியாக இருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மை ஒன்றை எடுத்து, பை உட்காரப்போகிற இடமெல்லாம் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். காந்தப் பையை நான் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். ஒருநாள் கோயமுத்தூர் கணபதியில் நண்பரின் லேத்துப் பட்டறைக்குப் போனவன், பையைக் கழற்றி அங்கே தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர்ப் பட்டறைத் தரையில் இரும்புத் துகளுக்குப் பஞ்சமா? காந்த மடல்களின் அடியில் அது மீசைபோல முளைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்படியே டேங்கில் ஒட்டி, பாலக்காடு போய்த் திரும்பி வந்து பையை எடுத்தபோது, டேங்க் பெயிண்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போன்ற இரண்டு வட்டங்கள் இருந்தன. இப்போதெல்லாம் எந்தப் பை வைத்தாலும் முதலில் பனியன் வேஸ்ட்டால், அதாவது பனியன் கம்பெனிக் கழிவுத் துணியால், டேங்கையும் பையின் அடியையும் துடைத்துவிடுகிறேன். திருப்பூருக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள். அதற்கு உங்களுக்குச் செலவே இல்லை. காந்தத்துக்கு அருகில் பேங்க் கார்டை வைக்காதீர்கள். போனில் இருக்கிற திசைகாட்டியும் அதன் அருகில் தடுமாறும்.

வார் எந்த டேங்கிலும் நிற்கும். முன்வாரை ஹேண்டிலுக்குக் கீழே வண்டியின் கழுத்தைச் சுற்றிக் கட்டும்போது கிளட்ச் கேபிளையும் பிரேக் ஹோஸையும் சேர்த்து இறுக்கிவிடாமல் பார்க்க வேண்டும். மிச்ச வாலைச் சுருட்டிக் கட்டாவிட்டால் அது எஞ்சின் சூட்டில் உருகும். வளையப் பூட்டு பெட்ரோல் பங்க்கில் மிக வசதி, ஒரு சொடுக்கில் பை கைக்கு வந்துவிடும், டேங்கிலும் உரசாது. ஆனால் அது பையை டேங்குக்கு மேலே சில விரற்கடை உயர்த்தி நிறுத்துகிறது. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த உயரத்தைப் பற்றிப் பேசத்தான்.

22 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரத் துணிமணியை டேங்க் மேல் வைப்பதா, தம்பி? உங்களுக்குப் பின்னால் பாதி சீட்டும், அதற்குப் பின்னால் ஓர் இரும்புக் கேரியரும் காலியாகக் கிடக்கும்போது, வேட்டியையும் பனியனையும் கண்ணுக்கு முன்னால் குவித்துவைத்து ஓட்ட வேண்டிய தேவை என்ன? வண்டியைப் பற்றி எழுதினீர்கள், நண்பர்களைப் பற்றி எழுதினீர்கள். அந்தப் பையை டேங்க் மேல் வைத்து ஒருமுறையாவது ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன் என்று ஒரு வரி இல்லை. காணொளியில் பார்த்து, லிட்டர் கணக்கில் ஆசைப்பட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே ஆசை எனக்கும் இருந்தது என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

2011-இல் நான் அப்படி ஒரு பெரிய பையை என் புல்லட்டில் கட்டிக்கொண்டு, நீங்கள் போகப்போகிற அதே வழியில் மைசூருக்குக் கிளம்பினேன். சமவெளியில் அது ராஜபோகமாகத்தான் இருந்தது. நெஞ்சைச் சாய்த்துக்கொள்ளலாம், எதிர்காற்றை மறைக்கும், மீட்டர் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. பண்ணாரியைக் கடந்து மலையேறத் தொடங்கியபின் அதன் குணம் மாறிவிட்டது. திம்பம் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 27. இடப்பக்கம் செல்கிற நமக்கு இடது வளைவுதான் குறுகியது, செங்குத்தானது. அங்கே ஹேண்டிலை ஏறத்தாழ முழுமையாக ஒடிக்க வேண்டும். எட்டாவதோ ஒன்பதாவதோ வளைவு, மேலிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஓரமாக ஒதுங்கி ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தேன். இடக்கைப் பிடி பின்னால் வந்து பையில் அமுங்கியது. பை ஹாரன் பொத்தானை அழுத்திக்கொண்டது. யானை நடமாடும் காட்டில் என் வண்டி நிறுத்தாமல் அலற ஆரம்பித்தது. இன்னும் ஒடிக்கலாம் என்றால் பை விடவில்லை. வலக்கை ஆக்சிலேட்டரோடு தூரமாக நீண்டுபோக, நெஞ்சை முன்னால் சாய்த்து எட்டலாம் என்றால் அங்கேயும் அந்தப் பைதான் நின்றது. வண்டி நின்றது, நான் இடது காலை ஊன்றினேன், சரிவில் கால் எட்டவில்லை, இருவரும் மெதுவாக, மிகுந்த மரியாதையோடு படுத்துவிட்டோம். விழுந்த பிறகும் ஹாரன் ஓயவில்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து முதலில் சாவியைத் திருகி அதை அமர்த்தினார், பிறகு வண்டியைத் தூக்கினார், பிறகுதான் என்னைப் பார்த்து, "குழந்தையை முன்னால உட்கார வெச்சுக்கிட்டு வர்றீங்கன்னு நெனச்சேன்" என்றார். ஹாசனூர் வரை பையைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன்.

இந்த இடத்தில்தான் மாமனின் உறையை எடுக்க வேண்டியிருக்கிறது.

மாமன் மஞ்சள் வியாபாரி. ஈரோட்டு மண்டிக்கும் மொடக்குறிச்சி, சிவகிரி, கொடுமுடிக் காடுகளுக்கும் நடுவே அவருடைய வாழ்க்கை அந்தப் புல்லட்டில்தான் ஓடியது. அக்காலத்தில் டேங்க் பேக் என்ற சொல் இங்கே யாருக்கும் தெரியாது. டேங்க் வடிவத்துக்கே தைத்த கறுப்பு ரெக்சின் உறை, மேற்புறத்தில் மடிப்பு வைத்த ஒரு பை, இடப்பக்கம் ஒரு சிறு பை, பெட்ரோல் மூடிக்கு வட்டமாக ஒரு திறப்பு, அவ்வளவுதான். பங்க்கில் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நான்கு விரல் தடிமனுக்கு மேல் அதில் எதுவும் வைக்க முடியாது. மேல் பையில் மடித்த துண்டுச் சீட்டுகளும் கணக்கு நோட்டும் பேனாவும் இருக்கும். இடது பையில் ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், சிறிய டார்ச், திருநீற்றுப் பொட்டலம், இவற்றோடு விரலி மஞ்சள் ஒரு பொட்டலம், கிழங்கு மஞ்சள் ஒரு பொட்டலம். 1984-இல், எனக்குப் பன்னிரண்டு வயது, கோடை விடுமுறை முழுக்க அவருக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன். வாய்க்கால் மேட்டில் யாராவது கைகாட்டினால் வண்டியை நிறுத்துவார், எஞ்சினை அணைக்க மாட்டார், இறங்க மாட்டார். இடக்கை தானாகப் போய் ஒரு விரலியை எடுக்கும். அதைக் காதருகே வைத்துப் படக்கென்று உடைத்து, உள்நிறத்தைக் காட்டி, "இந்தச் சத்தம் வர்ற சரக்குன்னா சொல்லுங்க, நாளைக்கு வண்டி அனுப்பறேன்" என்பார். நன்றாகக் காய்ந்த மஞ்சளுக்கு உடையும்போது ஓர் உலோக ஓசை உண்டு. அந்த வயதிலேயே அதைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். மஞ்சளும் பெட்ரோலும் கலந்த வாசனை அந்த உறையில் எப்போதும் இருக்கும். மாற்றுத் துணியா? ஈரோட்டில் தங்க நேர்ந்தால் ஒரு பவானி ஜமக்காளத்தில் சுருட்டிப் பின்னால் கட்டுவார். டேங்க் மேல் துணியை வைப்பது அவருக்குத் தோன்றியே இருக்காது. வண்டியை விட்டு இறங்காமல் எடுக்க வேண்டியவை எவையோ அவை மட்டும் முன்னால். இறங்கிய பிறகு தேவைப்படுவதெல்லாம் பின்னால்.

உங்கள் பயணத்துக்கு அப்படி முன்னால் இருக்க வேண்டியவை எவை என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் ஒரு பாட்டில், மழைக்கையுறை, ஹெல்மெட் கண்ணாடி துடைக்க ஒரு துணி, சில்லறை, மருந்துச் சீட்டு, ஒரு கடலை மிட்டாய். ஐந்து லிட்டர் போதும், தாராளமாக என்றால் எட்டு. கேமரா, சுத்தியல் போன்ற கடினமான பொருள்களை அதில் வைக்கவே கூடாது. முன்னால் எதிலாவது மோதினால் உங்கள் வயிறும் நெஞ்சும் போய் விழுகிற இடம் அதுதான். மேலே பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த பைகளில் போனைச் சொருகி வழி பார்க்கலாம் என்பார்கள். காங்கேயத்து வெயிலில் அரை மணி நேரத்தில் போன் சுட்டு அணைந்துவிடும். ஊர்ப் பெயர்களைத் தாளில் எழுதிச் சொருகுங்கள்.

ஆடி மாதம் என்றீர்கள். காற்றாலைகளுக்கு நடுவே வசிக்கிற உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் அடிக்கும் அந்தக் காற்றுக்கு, உங்கள் உடம்பின் மறைவில் இருக்கிற சிறிய பை ஒரு பொருட்டில்லை. ஆனால் பையோடு இலவசமாகத் தரும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். எலாஸ்டிக் வைத்த அந்தக் குல்லாய் ஒன்று பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே என் முகத்தில் அறைந்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் பறந்தது. நனையக்கூடாததைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டுச் சுருட்டி உள்ளே வையுங்கள். வெளியே நனைந்தால் நனையட்டும்.

பையை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு பெருந்துறைக்கு வாருங்கள். என் வீட்டில் பழைய தலையணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக டேங்க் மேல் வைத்து, நீங்கள் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டு உட்கார்ந்து, ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை ஒடித்து, ஹாரன் அலறாத தலையணை எது என்று பார்த்து, அதன் உயரத்தை நூலால் அளந்துகொள்வோம். மாமனின் உறையையும் காட்டுகிறேன். முகர்ந்து பார்க்கச் சொல்ல மாட்டேன். இடது பையில் கிடந்த விரலியைப் பூச்சி அரித்துப் பொடியாக்கிவிட்டது, இப்போது அதில் எலிப்புழுக்கை வாடைதான் வருகிறது.