கடற்கரை விடுமுறை: அந்த இரண்டு கூட்டல் குறிக்கு என்ன விலை?

கேள்வி: வணக்கம். ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு நாங்கள் நாலு பேரும் மாலைதீவு போக யோசிக்கிறம். மகனுக்கு 14, மகளுக்கு 9 வயது. யாழ்ப்பாண ஏஜென்சிக்காரர் ஒருவர் தந்த தாளில் “குடும்ப அறை, 3 இரவு, இரவுக்கு 90 டொலர்++, காலைச் சாப்பாட்டோடு. ஸ்பீட்போட் ஆளுக்கு ஒரு வழி 25 டொலர்” எண்டு கிடக்கு. மேலே தண்ணிக்குள்ள கட்டின மர வீட்டுப் படம். பிளேன் ரிக்கற் வேற. நாளைக்கே முற்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். கட்டட்டோ?
– கொக்குவில் வாசகி

பதில்: நாளைக்குக் கட்ட வேண்டாம். ஓகஸ்ட் மாதம் மாலைதீவில் விலை இறங்கியிருக்கும் காலம். அவசரப்பட வேண்டியவர் விற்பவர்தான்.

முதலில் 90-க்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறியைப் பாருங்கள். அச்சுப் பிழை என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. மாலைதீவில் சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம். சுற்றுலாத் துறைக்கான பொருள், சேவை வரி 2025 யூலையில் இருந்து 17 வீதம். இந்த வரி அறை விலைக்கு மட்டுமல்ல, சேவைக் கட்டணத்தையும் கூட்டிய தொகைக்கு விழும்.

உங்கள் தாளையே வைத்துக் கணக்குப் போடுவோம். மூன்று இரவுக்கு 270 டொலர். சேவைக் கட்டணம் 27, ஆக 297. அதற்கு 17 வீதம் 50.49. இப்போது 347.49. இத்தோடு முடியவில்லை. மாலைதீவில் ‘பசுமை வரி’ என்று ஒன்று, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் வாங்குவார்கள். மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களில் 6 டொலர், ரிசோர்ட்டுகளில் 12 டொலர். இது 2025 ஜனவரியில் இருந்து உள்ள வீதம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத்தான் விலக்கு, உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்ட வேண்டும். இந்த விலைக்கு விருந்தினர் இல்லமாகத்தான் இருக்கும், ஆகவே 6 × 4 × 3 = 72. போட் போகவர 200. ஆக மொத்தம் 619 டொலர் 49 சதம். தாளில் கண்ட 270 எங்கே, இது எங்கே! மத்தியானச் சாப்பாடும் இராச் சாப்பாடும் இதற்குள் இல்லை.

ஏஜென்சிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ++ போடுவது ஹோட்டல்காரரின் உலக வழக்கம். ஆனால் “எல்லா வரியும் சேர்த்து, நாலு பேருக்கும், விமான நிலையத்தில் இருந்து திரும்ப விமான நிலையம் வரைக்கும் எவ்வளவு?” என்று கேட்டு, ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் முற்பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது அந்தப் படம். விலையைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைக்கப் போவது விருந்தினர் இல்லம், தண்ணீருக்கு மேலே நிற்கும் மர வீடு அல்ல. மாலைதீவில் ரிசோர்ட் என்றால் பெரும்பாலும் ஒரு முழுத் தீவு, அதில் ஊர் இல்லை. விருந்தினர் இல்லமோ மாஃபுஷி போல சனம் குடியிருக்கும் தீவில், பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் இருக்கும். என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு போகும் நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே நல்லது. கடைத் தெருவில் சாப்பிடலாம், விரும்பினால் ஒருநாள் மட்டும் ரிசோர்ட் ஒன்றுக்குக் காசு கட்டிப் போய்வரலாம். ஆனால் அங்கே நீச்சலுடையோடு கடலில் இறங்க என்று ஒதுக்கிய கரை வேறு, ஊர்க்கரை வேறு. மதுவும் கிடையாது. இல்லத்தின் பெயரைக் கேட்டு, கூகுள் வரைபடத்தில் போட்டு, ஒதுக்கிய கரைக்கு எவ்வளவு நடை என்று பாருங்கள். தீவு சின்னதுதான், ஆனாலும் மத்தியான வெயிலில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது தூரம்தான்.

வேறு தீவைத் தெரிவுசெய்தால் படகைக் கவனியுங்கள். அரச படகுச் சேவை மலிவு, ஆனால் பல வழிகளில் வெள்ளிக்கிழமை ஓடாது. தூரத்து ரிசோர்ட்டுகளுக்குக் கடல் விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், பெட்டியும் ஆளுக்கு 20 கிலோதான். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு முகவர் பின்னேரம் போய் இறங்கும் விமானத்தில் ரிக்கற் போட்டுத் தந்தார். போய் இறங்கக் கடைசிக் கடல் விமானமும் போய்விட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஒரு கட்டிட வேலைத்தளத்துக்கு எதிரே அறை எடுத்து, விடிய விடிய கொங்கிரீட் கலவை யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி என் ‘கடற்கரை விடுமுறை’யின் முதல் இரவு கழிந்தது. ரிசோர்ட்டில் அந்த இரவுக்கும் காசு எடுத்துவிட்டார்கள்.

விசாவுக்கென்று யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். போய் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். புறப்படுவதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் ‘இமுகா’ என்ற அரச தளத்தில் பயணிகள் படிவத்தை நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம். அதே தோற்றத்தில் காசு கேட்கும் போலித் தளங்கள் உண்டு, தேடலில் முதலாவதாக வருவதை அமத்திவிடாதீர்கள். ரிக்கற்றில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எங்கள் ஆட்களின் நீளப் பெயரில் தகப்பன் பெயர் முன்னே போவதும் பின்னே போவதுமாக எத்தனை பேர் கட்டுநாயக்கவில் நின்று அந்தரப்பட்டிருக்கிறார்கள்! இன்னொன்று: பயணப் பெட்டிக்குள் சின்னப் பிள்ளையார் சிலை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வழிபாட்டுச் சிலைகளும் மதுவும் பன்றி இறைச்சியும் மாலைதீவுச் சுங்கம் தடைசெய்தவை. பிள்ளையார் வீட்டிலேயே இருக்கட்டும்.

இனிக் காற்றுக்கு வருவோம். ஓகஸ்ட் நமக்குச் சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் அது புழுதியைக் கிளப்பும் வெறும் காற்று. மாலைதீவில் அதே காற்று மழையோடு வரும், மே முதல் ஒக்டோபர் வரை. விலை இறங்குவது அதனால்தான். எல்லா நாளும் மழை என்றில்லை, ஆனால் மூன்று இரவுப் பயணத்தில் இரண்டு நாள் மூடிக்கொண்டால் என்ன மிச்சம்? கடல் தெளிந்து கிடப்பது டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை. ஏப்ரல் விடுமுறைக்குத் தள்ளிப்போட முடியுமென்றால் தள்ளிப்போடுங்கள். ஓகஸ்ட்தான் என்றால் நிலாவெளிக்குப் போங்கள். கிழக்குக் கரைக்கு அதுதான் காலம். கரைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு, 2003-இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். பவளப் பாறையும் மீன்கூட்டமும் பார்க்க டொலர் தேவையில்லை. அங்கேயும் போட் காசு வேறு, நுழைவுச் சீட்டு வேறு என்பதை மட்டும் ஏறமுன் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் யூலையில் வருகினம். எல்லாமாகப் 11 பேர். ஒருநாள் நெடுந்தீவு போய்வர தனியார் போட் ஒன்றைப் பேசலாமோ, இல்லை பயணிகள் படகே போதுமோ?
– சுண்டுக்குளி வாசகர்

பதில்: காலையில் குறிகட்டுவானில் வடதாரகை போன்ற பயணிகள் படகில் ஏறினால் ஒரு மணித்தியாலப் பயணம், செலவும் சொற்பம். திரும்பும் நேரத்தை இறங்குதுறையிலேயே விசாரித்து வையுங்கள். பின்னேரப் படகைத் தவறவிட்டால் தனியார் போட்காரர் சொல்வதுதான் விலை.

தனியாகப் பேசுவதென்றால் விலையைக் கேட்க முதல் 11 பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் இருக்க வேண்டும். யூலைச் சோளகத்தில் அந்தக் கடல் சும்மா கிடக்காது. “பயப்பிடாதையுங்கோ, பக்கத்திலதானே” என்பவரோடு போகாதீர்கள்.

தீவுக்குள் கோட்டை, பெருக்குமரம், குதிரைகள், பவளக்கல் வேலிகள் எல்லாம் தூரந்தூரம். வாகனக்காரரோடு எந்தெந்த இடம், மொத்தம் எவ்வளவு என்று ஏறமுன் பேசுங்கள். மத்தியானச் சாப்பாட்டை முதல்நாளே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், 11 பேருக்குத் திடீரென்று சமைத்துத்தர அங்கே ஆளில்லை.

கேள்வி: மாலைதீவுப் பயணத்துக்கு 180,000 ரூபா முற்பணம் கட்டினோம். மாமிக்குச் சுகமில்லாமல் போய், மூன்று கிழமைக்கு முதலே வரமுடியாதென்று சொல்லிவிட்டோம். “திருப்பித் தரமாட்டோம், அதுதான் விதி” என்கிறார்கள். பற்றுச்சீட்டில் அப்படி ஒரு விதியும் இல்லை.
– நெல்லியடி வாசகர்

பதில்: பற்றுச்சீட்டு வைத்திருக்கிறீர்களே, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வாயால் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த 180,000-இல் விமானத்துக்கு எவ்வளவு, ஹோட்டலுக்கு எவ்வளவு, தங்கள் தரகு எவ்வளவு, இதில் உண்மையாகவே ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் கட்டியது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டாத காசைத் ‘திருப்பித் தராத காசு’ என்று சொல்ல முடியாது. கட்டியிருந்தாலும், பயணம் செய்யாத ரிக்கற்றின் விமான நிலைய வரிகளைப் பல விமான நிறுவனங்கள் திருப்பித் தரும். அதை முகவர்தான் கேட்டு எடுக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதுங்கள், அவசர இலக்கம் 1977. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு மூன்று மாதத்துக்குள், எழுத்தில் போக வேண்டும். “அடுத்த கிழமை பார்ப்பம்” என்று அவர்கள் இழுப்பதற்குள் இந்தக் காலம் ஓடிவிடும். அந்த ஏஜென்சி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா என்று 1912-இல் விசாரியுங்கள். பதிந்ததென்றால் முறைப்பாட்டின் பிரதியை அங்கும் அனுப்புங்கள். உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை. பற்றுச்சீட்டைப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுங்கள், மூலத்தை யார் கேட்டாலும் கையை விட வேண்டாம்.